மணிவாசகத்தை எரித்துவிட்டதாகச் சொன்னவர்

சண்முகவேலுக்குப் பதினேழு வயது நடக்கும்போது அம்பாசமுத்திரத்தில் அவருடைய அப்பா போய்ச் சேர்ந்தார். கீழே மூன்று தங்கைகள். அம்மாவோ ஒரு கெட்ட சேதி காதில் விழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவள். அதனால் வீட்டுக்கு வருகிற சேதி எதுவானாலும் வாசலிலேயே வாங்கித் தனக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, உள்ளே போய், "முடிச்சாச்சு, நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்ல அவர் பழகிக்கொண்டார். மூத்த தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு முந்தின வாரம் வேண்டாமென்று கைவிரித்தார்கள். சண்முகவேல் வீட்டுக்கு வந்து, "அந்தப் பையன் குடிக்கான், நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. பாவம், இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவனைக் குடிகாரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கட்டியது தாய்மாமன் மகள் வசுமதியை. வசுமதியின் அம்மா கோமதியம்மாள் எனக்குச் சித்தி, என்னைப் பெற்றவளின் கூடப் பிறந்தவள். வசுமதிக்கு ஒரே தம்பி, மணிவாசகம். பத்து வயது இளையவன். சித்தப்பா சீக்கிரம் தவறிவிட்டதால், அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே வளர்ந்தவள் வசுமதி. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றதற்கும் அவன்தான் காரணம்.

பெரிய கண்காட்சி நடந்த வருஷம், அறுபத்தேழில், சண்முகவேல் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்தார். ஒரு கட்டடக் கம்பெனியில் படம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன் வேலை. அப்போது இங்கே இருந்த நம்மவர்கள் எல்லாம் டாக்டர், புரொபசர், இஞ்சினியர். என் வீட்டுக்காரரும் அந்த வகைதான், நாங்கள் புவாண்ட்-கிளேரில் இருந்தோம். சண்முகவேல் டோர்வலில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். வசுமதி சும்மா இருக்க மாட்டாமல் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டில் ரொட்டி வைப்பது, மூடி போடுவது, வண்டியில் அடுக்குவது. கூட நின்ற பெண்கள் அத்தனை பேரும் பிரெஞ்சு. ஜினேத் என்று ஒருத்தி, சிகரெட்டும் கையுமாக, இவளுக்கு வாய் ஓயாமல் கதை சொல்லிச் சொல்லி இரண்டு வருஷத்தில் பிரெஞ்சைப் புகட்டிவிட்டாள். சண்முகவேலுக்கு ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. விருந்தாளி வந்தால், "எங்க வீட்டம்மா பேசுதது பாத்திரம் கழுவுத பிரெஞ்சு" என்று கேலி பண்ணுவார். "நீங்க பாத்திரத்தக் கழுவுங்க, நான் வேற பிரெஞ்சு படிச்சுட்டு வாரேன்" என்பாள் அவள்.

மணிவாசகம் டாக்டருக்குப் படிக்க அயர்லாந்துக்குப் போனான். டப்ளின் பட்டணத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம், டால்கி என்று கடலோர ஊர். அங்கே கியோ என்ற அம்மாள் வீட்டில் தங்கியிருந்தான். அந்த ஊரில் அந்தக் காலத்துக் கல் கோபுரங்கள் உண்டு. ஏழு இருந்தனவாம், கடைத்தெருவில் இப்போது மிச்சம் இரண்டு. அது போக, தோட்டத்துக்குள் இடிந்தும் இடியாமலும் நின்ற ஒன்றின் சாவி கியோ அம்மாள் கையில் இருந்தது. அதன் உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். காற்றில் முடி பறக்க, பின்னால் கடல். போனில் பேசும்போது, "கோட்டைன்னு பேரு அக்கா, கப்பல்ல வந்த சரக்கப் போட்டு வச்ச இடமாம். நம்ம வீட்டு நெல்லுக் குதிருக்கு அண்ணன் மாதிரி நிக்கு. நீ வா, மேல கூட்டிட்டுப் போறேன்" என்றானாம். வசுமதி அந்தப் போட்டோவை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில் அவனுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. இரண்டே நாள். முடிந்துவிட்டது.

சேதி சண்முகவேலின் ஆபீசுக்குத்தான் வந்தது. வசுமதி அப்போது ஏழு மாசம். அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்ததால், எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் கட்டளை போட்டிருந்தார். சித்திக்குத் தந்தி போனது. சித்தியின் தம்பி திருநெல்வேலியிலிருந்து டிரங்க் கால் போட்டுப் பேசினார். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணம் பார்க்கக் கூடாது, காட்டுக்குப் போகக் கூடாது, இதுவும் தங்காமல் போனால் என்ன செய்வது, சம்முவம் அங்கே போகவே வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னாள் என்றார். பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கும்போது மகள் வயிற்றுப் பிள்ளையை நினைத்துச் சித்தி சொன்ன சொல் அது. சண்முகவேல் போகவில்லை.

போகாதவர் போனில் தீர்மானம் பண்ண வேண்டியதாயிற்று. பிணத்தை எரிக்கிற இடம் அந்த நாட்டில் அப்போது ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே பெல்பாஸ்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே குண்டும் துப்பாக்கியுமாக இருந்த நேரம், வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பலாம் என்றால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். கடைசியில் கியோ அம்மாளே போனை வாங்கிப் பேசினாள். பத்தொன்பது வயதில் கடலில் மூழ்கிப்போன மகன் ஒருவன் அவளுக்கு உண்டு. அவனைப் புதைத்த குழியில் இடம் இருக்கிறது, இந்தப் பிள்ளையையும் அங்கேயே வைக்கட்டுமா, தெரியாத ஆட்களோடு தனியாகக் கிடக்க வேண்டாமே என்று அழுதாள். சண்முகவேல் சரி என்றார்.

எங்கள் குடும்பத்தில் பால்குடி மாறாத பிள்ளையைத்தான் மண்ணில் வைப்பார்கள். வளர்ந்தவனை எரித்து, எலும்பு பொறுக்கி, ஆற்றில் விட்டால்தான் அவன் போன கணக்கு.

பத்து நாள் கழித்து வசுமதியிடம் சொன்னார். "மணி போயிட்டான் வசு. எல்லாம் முறைப்படி முடிச்சாச்சு. எரிச்சு அஸ்தி எடுத்து வச்சிருக்காங்க."

அவள் கத்தவில்லை. "கொள்ளி யாரு வச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கூடப் படிக்கிற ஆந்திராப் பையன் ஒருத்தன். நல்ல பையன்."

அந்தப் பையனுக்கு ஒரு பேரும் சொன்னார். அவள் அந்தப் பெயரைச் சொல்லி அவனுக்காகச் சாமி கும்பிட்டிருக்கிறாள்.

ஏப்ரலில் கமலினி பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள். ஆனால் எரித்தாயிற்று என்று சொன்ன பிறகு அஸ்தி வர வேண்டுமே. ஒரு நாள் சண்முகவேல் சாயங்காலம் ஒரு சின்னக் கலயத்தோடு வந்தார். வாய் துணியால் கட்டியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் டப்ளினிலிருந்து கொண்டுவந்தார் என்றார். அந்த மார்கழியில் வசுமதி கைப்பிள்ளையோடு கலயத்தை மடியில் வைத்து ஊருக்குப் பறந்தாள். பாபநாசம் படித்துறையில் உட்கார்ந்து, சித்தி அந்த எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பால் விட்டுக் கழுவிக் கண்ணில் ஒற்றித் தாமிரபரணியில் விட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். வசுமதிக்குத்தான் அந்தப் போட்டோ விடவில்லை. அவன் நின்ற இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். சண்முகவேல் குளிர் என்றார், வேலை என்றார், கலவரம் என்றார். எழுபத்து நாலு கோடையில் அவளே சமையல்கூடத்தில் சொல்லிவைத்து இரண்டு டிக்கெட் வாங்கி வந்துவிட்டாள். கமலினியை என்னிடம் விட்டாள். கிளம்புகிற அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து, "என்ன, காய்ச்சலா?" என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல மதினி" என்றார். இனி எழுதுவது, திரும்பி வந்து வசுமதி என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது; அப்போது அவளுக்கு விளங்காததை மற்றவர்கள் பின்னால் அவளிடம் சொன்னதும் அதில் சேர்த்தி.

அவர் போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான். கியோ அம்மாள் பேசுவது அந்த ஊர் இங்கிலீஷ், வேகமாக, பாதி மூக்கால். வசுமதிக்குக் கடைகண்ணி இங்கிலீஷ் தவிர வராது. நடுவில் நின்று இவர் சொன்னால்தான் இரண்டு பேருக்கும் பேச்சு. ஒரே ஒரு நாள் சமாளித்துவிட்டால் மறுநாள் காலையில் விமானம்.

கியோ அம்மாள் வாசலிலேயே வசுமதியைக் கட்டிக்கொண்டாள். பிறகு சண்முகவேலைப் பார்த்து, முதலில் கல்லறைக்குப் போகலாமா, தேநீர் குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள்.

"என்ன கேக்காங்க?" என்றாள் வசுமதி.

"தேத்தண்ணிக்குப் பால் ஊத்தவா வேண்டாமான்னு கேக்காங்க."

கியோ அம்மாளிடம், கோபுரத்தை முதலில் பார்க்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவள், கல்லில் அவன் பெயரையும் வெட்டியிருக்கிறோம், எழுத்து சரிதானா என்று உங்கள் மனைவியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

"இப்ப என்ன?"

"மணி நல்ல பையன்னு சொல்லுதாங்க."

"அதுக்கா அவ்வளவு நேரம் பேசினாங்க?" என்றாள் வசுமதி. அப்போதும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கிழவி கொஞ்சம் வளவளா என்று நினைத்திருக்கிறாள்.

அந்த வீட்டில் ஊனா என்று ஒரு மகள் இருந்தாள், முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாலு பேருமாக முதலில் கடைத்தெருவில் நிற்கிற இரண்டு கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒன்று மாதா கோவிலை ஒட்டி, ஒன்று எதிர்ச்சாரியில். மழை கறுத்த கல், ஜன்னலுக்குப் பதில் கத்தி வைத்துக் கீறினாற்போல் சந்து. பிறகு தோட்டத்துக் கோபுரம். கதவு ஆள் உயரம்கூட இல்லை. குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேலே கூரையில் ஒரு ஓட்டை. எதிராளி உள்ளே வந்தால் அதன் வழியாகக் கல்லைப் போட்டுக் கொல்வதற்காம். ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிற கல் படி, ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும், கைபிடிக்க ஒரு கயிறு.

கியோ அம்மாள், முழங்கால் வலி, நான் ஏறவில்லை என்று கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சண்முகவேல் ஒரு நிமிஷம் யோசித்தார். வாய் ஓயாதவள் கிழவி. அவளை விட்டுப் போகக்கூடாது. மேலே போகிறவள் மகள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நீ போய்ப் பாத்துட்டு வா வசு, நான் இவங்களுக்குத் துணைக்கு இருக்கேன்" என்றார்.

அவர் பண்ணிய தப்பு அதுதான். அந்த மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பிரெஞ்சு.

பாதிப் படியில் வசுமதிக்கு இருட்டில் கால் இடறியது. ஜினேத்திடம் படித்த வசவு ஒன்று தானாக வாயில் வந்துவிட்டது. முன்னால் போன ஊனா நின்று, திரும்பி, சிரிசிரி என்று சிரித்தாள். "நீங்கள் பிரெஞ்சு பேசுவீர்களா! இவ்வளவு நேரம் ஊமை மாதிரி நடந்தோமே!" என்று பிரெஞ்சில் கேட்டாள். உச்சிக்குப் போகும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். மணி கரண்டியால் சோறு சாப்பிடப் பழகியது, குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தூங்கியது எல்லாம் ஊனா சொன்னாள். வசுமதி சிரித்தாள், அழுதாள். உச்சியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, அவன் நின்ற அதே மூலையில் போய் நின்றாள். எதிரே கடல், கொஞ்ச தூரத்தில் ஆளில்லாத ஒரு தீவு.

"நீங்கள் வந்ததில் அம்மாவுக்கு மனம் ஆறிவிட்டது" என்றாள் ஊனா. "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் இரண்டு பிள்ளைகள் பெயரையும் சொல்லிவிட்டு வருகிறாள். என் தம்பி அடியில், உங்கள் தம்பி மேலே. அதற்கு மேலே அம்மாவுக்கு இடம்."

வசுமதி, தனக்குத்தான் பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைத்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். ஊனா மறுபடி சொன்னாள். மண்ணுக்குள்ளா என்று இவள் கேட்டாள். ஆமாம் என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே இவள் முகத்தைப் பார்த்து அவளுக்கும் ஏதோ உறைத்துவிட்டது. உங்கள் கணவரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

சண்முகவேல் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அத்தான், மணிய எரிச்சாங்களா?"

"என்ன திடீர்னு?"

"எரிச்சாங்களா, பொதச்சாங்களா?"

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா? அவ பேசுத இங்கிலீஷ் உனக்கு எப்படிப் புரியும்?"

"அவ இங்கிலீஷ்ல சொல்லல."

அவர் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நீ மாசமா இருந்த வசு. ரெண்டு தங்காம போயிருந்துச்சு. மண்ணுல வச்சாச்சுன்னு சொன்னா நீ தாங்கியிருப்பியா?"

"கமலி பொறந்து ரெண்டு வருஷம் ஆச்சே. எப்ப சொல்லுததா இருந்தீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"கலயத்துல என்ன இருந்துச்சு?"

"சாம்பல்தான். ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுல குளிர் காய மேப்பிள் விறகு எரிப்பாங்க. அதுல கொஞ்சம்."

"எலும்பு இருந்துச்சே."

அவர் கடலைப் பார்த்தார்.

"என் கையால எடுத்து அம்மா கையில கொடுத்தேன் அத்தான். அது என்ன எலும்பு?"

"அத்தை எலும்பு இருக்கான்னு தடவிப் பாப்பாங்கன்னு தோணுச்சு. இல்லன்னா சந்தேகம் வந்துரும்னு..."

"என்ன எலும்புன்னு கேக்கேன்."

"ஆடு."

முட்டை வாசம் பட்டாலே எழுந்து போகிற மனுஷன் அவர். மொன்றியலில் சென்-லோரான் தெருவில் ஒரு கசாப்புக் கடைக்குள் போய் நின்றிருக்கிறார். கடைக்காரன், சூப்புக்கா என்று கேட்டானாம். இவர் தலையை ஆட்டினாராம்.

வசுமதி சுவரைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா அதுக்குப் பாலூத்திக் கண்ணுல ஒத்திக்கிட்டா" என்றாள். இறங்கும்போது அவர் கை கொடுத்தார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கல்லறைக்குப் போனார்கள். கியோ அம்மாளுக்கு விஷயம் விளங்கி, அவளும் நடுங்கிப்போயிருந்தாள். வேண்டுமானால் பிள்ளையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஊனா மூலம் சொன்னாள். சண்முகவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க" என்றாள் வசுமதி. கல்லில் மணியின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்து சரியாகத்தான் இருந்தது. அவனை மறுபடி வெளியே எடுத்துப் பார்க்கத் தன்னால் முடியாது, இங்கேயே இருக்கட்டும், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே என்று கேட்டாள். கிழவி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி அழுதாள்.

மொன்றியல் திரும்பியதும் வசுமதி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். நேர்ல. காயிதம் போடக்கூடாது."

தை மாசம் போனார். சித்தி பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். இவர் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சித்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

"பிள்ள அங்க தனியாவா கிடக்கான், சம்முவம்?"

"இல்ல அத்தை. அந்த வீட்டு அம்மா மகனோட."

"அந்தப் பையன் எப்படிச் செத்தான்?"

"கடல்ல."

"அப்ப நான் ஆத்துல விட்டது?" என்று கேட்டாள் சித்தி. அதையும் சொன்னார். சித்தி எழுந்து அப்படியே நடந்துபோய் ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தாள். நாலாம் நாள் ஐயரை வரச் சொன்னாள். உடம்பு கிடைக்காமல் போனவனுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி முடைந்து எரிப்பது உண்டு. அதைச் செய்யச் சொன்னாள். பங்காளிப் பையன்கள் இருந்தார்கள். ஆனாலும், "சம்முவம்தான் வைக்கணும். இது அவன் கையால கெட்டது" என்று சொல்லிவிட்டாள். அவர் மொட்டையடித்து, தண்ணீர்க் குடம் உடைத்து, அந்தப் புல் மனிதனுக்குக் கொள்ளி வைத்தார். புல்லானதால் ஒரே மூச்சில் எரிந்துவிட்டதாம். ஊருக்குக் கிளம்பும்போது சித்தி வாசல்வரை வந்தாள். "வசுவ அனுப்பு. பேத்திய அனுப்பு. நீ வரவேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் போகவும் இல்லை.

மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லாயோடு ஆபீசுக்குப் போனார். உடம்பு சரியில்லையா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றாராம்.

அப்புறம் அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள். சண்டை கிடையாது. போன் அடித்தால் வசுமதி எடுப்பாள். தபால் வந்தால் அவள் பிரிப்பாள். டாக்டர், பள்ளிக்கூடம், வீட்டுச் சொந்தக்காரன் யாராக இருந்தாலும் அவளே பேசுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேச்சுக் குறைந்துபோன மனுஷனாகிவிட்டார். என் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து கமலினிக்கு வீடு வீடாகப் படம் போட்டுக் கொடுப்பார்.

எழுபத்தெட்டில் வயிற்று வலி என்று படுத்தார். இங்கே இருந்த நம்மவர்களில் ஒருத்தர், ரகுநாதன் டாக்டர்தான் எல்லாம் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரையும் என்னையும் வசுமதியையும் ஆஸ்பத்திரி நடையில் தனியாகக் கூப்பிட்டார். புற்று, கல்லீரல்வரை போய்விட்டது, பொங்கல் தாண்டாது என்றார். "அவர்கிட்ட யாரும் சொல்லிக்க வேண்டாம். அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன். நிம்மதியா போகட்டும்" என்றார். நம் வீடுகளில் அப்படித்தானே வழக்கம். நாங்களும் தலையை ஆட்டினோம்.

வசுமதி நேரே அவர் அறைக்குள் போனாள். நான் ரசம் கொண்டுபோன தூக்கோடு பின்னால் போனேன்.

"அத்தான், அல்சர் இல்ல. புத்து. ஈரலுக்கும் போயிருச்சு. பொங்கல் வரைக்கும்தான்னு சொல்லுதாங்க" என்றாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் பக்கம் திரும்பி, "மதினி, நெசமா?" என்று கேட்டார். நான் தூக்கை மேஜையில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் வசு" என்றார்.

"எனக்குந்தான் அத்தான்" என்றாள் வசுமதி.

பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசத்தை டம்ளரில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள்.